பின்விளக்குக்கு வெள்ளையா, சிவப்பா?

மதுரைக்குப் பக்கத்து ஒத்தக்கடை வட்டாரத்தின் போக்குவரத்து வரலாற்றை என்றைக்காவது யாராவது எழுதத் துணிந்தால், பத்ரிநாத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்ப முடியாது. அரசாங்கம் டவுன்பஸ் விட்டது. முதலாளிகள் மினிபஸ் விட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒருவர் மடியில் ஒருவரை உட்காரவைத்து ஊர் ஒற்றுமையை வளர்த்தார்கள். இவர்களெல்லாம் காசு வாங்கிக்கொண்டு செய்த சேவையை பத்ரிநாத் ஒருவர்தான் இலவசமாகச் செய்தார். அப்படியும் ஜனங்கள் மற்ற மூன்றையே விரும்பினார்கள் என்பது மனித சுபாவத்தின் விசித்திரம்.

சேவையின் விவரம் இதுதான். 2009 வாக்கில், அறுபதைத் தாண்டியிருந்த பத்ரிநாத், தினமும் சாயங்காலம் தன் வெள்ளை மாருதி காரை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை போவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆகையால் உடனே திரும்புவார். போகும்போதும் வரும்போதும் பஸ் நிறுத்தங்களில் நிற்பவர்கள் பக்கமாக வண்டியை ஒதுக்கி, இடது கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க, சும்மா போற வண்டிதான்" என்பார். ஏறியவர்களிடம் பெட்ரோலுக்கோ டீக்கோ காசு எதிர்பார்க்க மாட்டார். இறங்கும் வரைக்கும் காதைக் கொடுத்தால் போதும்.

அந்தக் காதுகளுக்குள் அவர் பெரும்பாலும் சாயம் ஊற்றினார். சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த நீலம் எத்தனை துவைப்புக்குத் தாங்கும், எந்தச் சிவப்பு மழைக்காலத்தில் மக்கர் பண்ணும் என்பதையெல்லாம் உத்தங்குடி தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். முடியாவிட்டால் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்.

டவுனுக்குள் சந்து வீட்டில் இருந்தவரை ஒத்தக்கடைக்குக் கொண்டுவந்தது மகன் சாய்பிரசாத். "காத்தோட்டமா இருக்கும்பா" என்று சொல்லி, கடன் வாங்கி, மூன்று படுக்கையறை வைத்து வீடு கட்டினான். காற்று சொன்னபடி வந்தது. பிறகு அவனுக்குச் சென்னைக்கு மாற்றலானது. கார் ஓட்டுவதற்கு அங்கே இடமில்லை என்று இவரிடம் விட்டுப் போனான். பேத்தி காவ்யஸ்ரீ பிறந்தபோது, மூன்று மாதம் ஒத்தாசைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி வசுந்தராவும் ரயிலேறினார். பேத்தி இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

தானும் சென்னைக்குப் போய்விடலாமே என்றால், போய்ப் பார்த்தவர்தான் அவர். மகனின் ஃபிளாட்டில் அவருக்குக் கிடைத்த இடம் வாஷிங் மெஷினுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில். மெஷின் ஓடும்போது எழுந்து நிற்க வேண்டும். யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷின்தான் தினமும் ஓடியது. திரும்பி வந்து, மூன்று படுக்கையறைகளில் எதற்கும் மனவருத்தம் வராதபடி ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்.

வீட்டு மொழியான சௌராஷ்டிரம் பேச அக்கம்பக்கத்தில் ஆளில்லை. தமிழ் பேச ஆள் உண்டு. அவர்களுக்கு நேரம் இல்லை. ஆகவேதான் கார்.

இந்தச் சேவையின் நிரந்தரப் பயனாளி மொக்கைச்சாமி. ரோட்டோரத்துக் கல்லூரி ஒன்றில் வாட்ச்மேன். முழங்கால் வலி உள்ளவர் என்பதால் மற்றவர்களைப் போல ஓடி ஒளிய முடியாது.

"என்ன மொக்கைச்சாமி, நேத்து ஆளக் காணோம்?"

"நேத்து பஸ்ஸு சீக்கிரம் வந்துருச்சு சார்."

"டீக்கடைக்குப் பின்னாடி நின்ன மாதிரில்ல தெரிஞ்சுச்சு."

"அது... ஒண்ணுக்குப் போனேன் சார்."

"நான் போயிட்டுத் திரும்பி வாரப்பவும் அங்கனதான நின்னீங்க?"

"சுகர் இருக்குல்ல சார்."

அன்றைக்கு மொக்கைச்சாமியை ஏற்றிக்கொண்டு, நீலத்தின் குணாதிசயங்களில் மூழ்கியிருந்த பத்ரிநாத், அந்தி மயங்கும் நேரத்தில் பிரேக் போட்டார். பின்னால் வந்த மினிபஸ் கிறீச்சிட்டு, பம்பரை முத்தமிட ஒரு சாண் இருக்கையில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பெருசு! பின்னாடி எரியிறது லைட்டா, இல்ல ஊதுவத்தி கொளுத்தி வச்சிருக்கியா?"

உண்மையில் வயதான பல்புகள்தான். எரிந்தன, ஆனால் தங்களுக்காக மட்டும் எரிந்தன. மொக்கைச்சாமி இந்தச் சம்பவத்தை டீக்கடையில் சொன்னார். சொன்னது ஒரு முறைதான்; கேட்டவர்கள் ஆளுக்கொரு முறை சொன்னார்கள். சென்னையில் சாய்பிரசாத்தின் ஆபீசுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அதில் கார் வயலுக்குள் உருண்டிருந்தது.

போன் வந்தது. அப்பாவும் மகனும் வீட்டு மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"அப்பா, வண்டிய வித்துருவோம். அலங்காநல்லூர்ல பால்பாண்டின்னு ஒருத்தர் கேக்குறாரு. சனி, ஞாயிறு நானே வாரேன்."

"எதுக்குப்பா விக்கணும்?"

"பஸ் இருக்கு, ஆட்டோ இருக்கு. தெனமும் கார் ஓட்டுற அளவுக்கு உங்களுக்கு என்ன வேலை இருக்கு?"

இந்தக் கேள்விக்கு பத்ரிநாத்திடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. ஆட்டோவில் போகலாம். ஆனால் ஆட்டோவில் அவர்தான் சவாரி. யாரையும் பார்த்து 'ஏறுங்க' என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கிவிடுவான். வண்டி போய்விட்டால், அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு வெளிவரும் மொத்தப் பேச்சும் காலையில் பால்காரரிடம் சொல்லும் "அரை லிட்டர்" என்பதோடு முடிந்துவிடும்.

நல்லவேளையாக வசுந்தரா போனைப் பிடுங்கினார். "கொறை லைட்டுலதானடா? அவரு லைட்ட மாத்தட்டும். நீ போயி பாரு. நல்லா எரிஞ்சா வண்டி இருக்கட்டும். எரியலைன்னா வித்துரு."

சாய்பிரசாத் சம்மதித்தான். இவ்வாறாக ஒரு மனிதரின் பேச்சுரிமை இரண்டு பின்விளக்குகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

சிம்மக்கல்லில் கார் உதிரி சாமான் கடை வைத்திருந்தவர் வெள்ளைத்துரை. கடைக்குள் ஸ்டியரிங் உறைகளும் ஹாரன்களும் தலையாட்டும் பொம்மைகளும் கூரைவரை தொங்கும். அவரைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமாகும். அந்த வருஷம் சந்தையில் புதிதாக இறங்கியிருந்த சரக்கு கார்களுக்கான எல்.இ.டி. பல்பு.

"பழைய பல்பெல்லாம் தூக்கிப் போடுங்கண்ணே. எல்.இ.டி. போட்டா ஆயுசுக்கும் எரியும்."

"யாரு ஆயுசுக்கு?"

வெள்ளைத்துரை இதைக் காதில் வாங்காமல் இரண்டு அட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் வெள்ளையாக எரியும் பல்பு, மற்றதில் சிவப்பாக எரிவது.

"பின்லைட்டுக் கண்ணாடி செவப்பு. அதுனால செவப்பு பல்பே போடுங்க."

"ஏன் அப்படி?"

"ஏன்னா... எல்லாரும் அதத்தாண்ணே வாங்குறாங்க."

முப்பத்தைந்து வருஷம் சாயத் தொட்டி அருகே நின்ற ஒருவரிடம் சொல்லக்கூடிய காரணமா இது? பத்ரிநாத் நிமிர்ந்தார்.

"ஏற்கெனவே செவந்த நூலை எவனாச்சும் செவப்புச் சாயத்துல முக்குவானாய்யா? வெள்ளை நூலைத்தான் முக்குவாங்க. வெள்ளைதான் எந்தச் சாயத்தையும் முழுசா வாங்கும்."

"இது நூல் இல்லண்ணே. பல்பு."

"கண்ணாடிதான் தொட்டி. வெளிச்சம்தான் நூல். வெள்ளை வெளிச்சத்தை அதுக்குள்ள விட்டா, கெட்டிச் செவப்பா வெளிய வரும்."

தள்ளுபடி கேட்பவர்களுக்கும் கடன் கேட்பவர்களுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்த வெள்ளைத்துரை, இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்ரிநாத் அடுத்த கட்டத்துக்குப் போனார். சேலையோ நூலோ, கடைக்குள் இருக்கும் டியூப்லைட் வெளிச்சத்தை நம்பி நிறம் பார்ப்பது அவர்கள் குலத்தில் கிடையாது; வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பல்புகளையும், சோதிக்கும் பேட்டரியோடு சேர்த்து, அவர் வாசலுக்குத் தூக்கிவரச் சொன்னார். உச்சிவெயிலில், ஒரு கையில் வெள்ளைப் பல்பையும் மறு கையில் சிவப்புப் பல்பையும் எரியவிட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சூரியனுக்கு எதிரில் இரண்டும் எரிவதாகவே தெரியவில்லை.

"பாத்தியா? ரெண்டுலயும் வித்தியாசமே இல்ல. அப்ப வெள்ளையே போதும்."

"தொவச்சா சாயம் போகுமான்னும் கேட்டுருங்கண்ணே" என்றார் வெள்ளைத்துரை.

முடிவு எடுக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது முறை. பத்ரிநாத் செல்போனில் வசுந்தராவை அழைத்து வீட்டு மொழியில் பேச ஆரம்பித்தார். மதுரைக் கடைக்காரர் எவருக்கும் இந்தக் காட்சி பழக்கம்: சௌராஷ்டிரக் குடும்பம் கடைக்கு முன்னால் நின்று தங்களுக்குள் அந்த மொழியில் பேசத் தொடங்கினால், விலை அதிகம் என்கிறார்கள், பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளைத்துரை முதலில் கொஞ்சம் இறக்கிச் சொன்னார். பேச்சு நிற்கவில்லை. இன்னும் இறக்கினார். பத்ரிநாத் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மனமுடைந்த வெள்ளைத்துரை, கடைசி விலையைச் சொல்லி, "இதுக்கு மேல என்னால முடியாதுண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

போனில் விலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பேத்தி தோசையைச் சுருட்டி மைக் போலப் பிடித்துப் பாட்டுப் பாடியதைத்தான் வசுந்தரா சொல்லிக்கொண்டிருந்தார். பல்பு பற்றிக் கேட்க மறந்தேபோனது. குறைந்த விலைக்கு ஏன் கொடுத்தார் என்று புரியாமலே வாங்கிக்கொண்டு, பின்விளக்குக்கும் முன்னும் பின்னும் உள்ள இண்டிகேட்டர்களுக்கும் எல்லாவற்றுக்கும் வெள்ளையே மாட்டிக்கொண்டு திரும்பினார்.

இருட்டத் தொடங்கியதும் காரை வீட்டுக்குள் பின்பக்கமாக ஏற்றினார். காம்பவுண்டுச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். ரோஸ்மில்க்.

வெள்ளை என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த அந்த வெளிச்சத்துக்குள், சிவப்பு என்னவோ ஒப்புக்குத்தான் இருந்திருக்கிறது. விளக்கின் கண்ணாடி மற்ற நிறங்களைத் தடுத்துக்கொள்ள, மிச்சம் இப்படி வெளுத்துப்போய் வந்தது. இந்த நிறத்துக்குப் பட்டறையில் பத்ரிநாத் ஒரு பெயர் வைத்திருந்தார்: 'திருப்பி அனுப்பு'. இண்டிகேட்டர்கள் வேறு, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வெட்டின. எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் கொஞ்சம் என்பதால், ஜோடியில் ஒரு பல்பு போய்விட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளுமாம். ஜோடியில் ஒன்று போய்விட்டால் மிச்சமிருப்பது இப்படித்தான் பதறுமாம். பத்ரிநாத்துக்கு இது குறித்துக் கருத்து ஏதும் இல்லை.

முதல் இரண்டு நாள் அவருக்குத் திருவிழா. கல்யாண வீட்டு சீரியல் செட்டா என்று கேட்க நாலு பேர் வந்தார்கள். நாலு பேருக்கும் நூல், தொட்டி, சாயம் எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து விளக்கினார். மூன்றாம் நாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதைவிட மோசம், நிறுத்தங்களிலும் ஒருவரும் இல்லை. இவர் கார் போய் நிற்கும்போது அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருந்தது ஒரு நாய் மட்டுமே. அதுவும் எழுந்து போனது.

கடைசியில் முழங்காலின் தயவால் மொக்கைச்சாமி ஒருவர் அகப்பட்டார்.

"எல்லாரும் எங்கய்யா போயிட்டாங்க?"

"சார், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"முன்னாடியெல்லாம் நீங்க பக்கத்துல வந்து நின்னாத்தான் சார் உங்க வண்டின்னு தெரியும். இப்ப அந்த லைட்டு வெட்டுற வெட்டு, ஆனைமலைத் திருப்பத்துல வாரப்பவே தெரிஞ்சுருது. எல்லாரும் உஷாராயிர்றாங்க."

பத்ரிநாத் கியரை மாற்றினார். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டார். வழக்கமாக நீலத்தைத் தொடங்கும் இடம் வந்தது, போனது. பேச்சில்லாத அந்த வண்டிக்குள் மொக்கைச்சாமிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"சார், அந்த மழைக்காலச் செவப்பு... அது என்ன ஆகும்னீங்க?"

"ஒண்ணும் ஆகாது. எறங்குற எடம் வந்துருச்சு."

மறுநாள் சிம்மக்கல். வெள்ளைத்துரை தலையை ஹாரன்களுக்கிடையிலிருந்து நீட்டினார்.

"செவப்பே குடுப்பா. இண்டிகேட்டருக்குப் பழைய பல்பையே மாட்டிரு" என்றார் பத்ரிநாத்.

"நூலு என்னாச்சுண்ணே?"

"நூலு சரிதான். தொட்டி சரியில்ல."

வெள்ளைத்துரை மேற்கொண்டு கேட்காமல் சிவப்பு அட்டையை எடுத்தார். கேட்டால் விளக்கம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை சாய்பிரசாத் வந்து இறங்கினான். ஞாயிறு காலை பால்பாண்டி வந்து வண்டியைப் பார்ப்பது, ஞாயிறு சாயங்காலம் இவன் கிளம்புவது என்று ஏற்பாடு. பத்ரிநாத் ஒரு படுக்கையறையைக் கழுவித் துடைத்து, புதுத் தலையணை உறை போட்டு, மின்விசிறியின் இறக்கைகளைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு, மகனுக்குப் பிடித்த பங்காரபாத் பொங்கலுக்குச் சாமான் வாங்கி வைத்திருந்தார். மகன் பகலெல்லாம் லேப்டாப்பில் இருந்தான். இருட்டியதும் வெளியே வந்தான்.

"பாப்போம்பா. நீங்க உள்ள உக்காருங்க. நான் பின்னாடி நிக்கிறேன்."

அப்பா ஸ்டியரிங் முன் அமர்ந்தார். மகன் வண்டிக்குப் பின்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"லைட்டப் போடுங்க."

"போட்டுட்டேன். எரியுதா?"

"எரியுது. பிரேக்க அமுத்துங்க."

"எரியுதா?"

"நல்லா எரியுது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான்பா. லெஃப்ட் போடுங்க... ம். ரைட்... ம். சரி, போதும்."

"பிரேக் இன்னொரு தடவ பாத்துரு. மொத அமுத்துல எல்லாமே நல்லாத்தான் எரியும்."

"எரியுதுப்பா!"

"இப்ப?"

"இப்பவும் எரியுது!"

நாலைந்து வருஷத்தில் அப்பாவும் மகனும் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. கருத்து வேற்றுமையும் எழவில்லை. பத்ரிநாத் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மனமில்லாமல் எடுத்தார்.

சாய்பிரசாத் நேர்மையானவன். பார்த்ததை ஒப்புக்கொண்டு, அங்கேயே நின்று அலங்காநல்லூருக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்று சொல்லிவிட்டான். வண்டி பிழைத்தது. ஒத்தக்கடையின் இலவசப் போக்குவரத்து பிழைத்தது. பத்ரிநாத் சிரிக்கத் தொடங்கியபோது மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்ப நாளைக்கு எனக்கு இங்க வேலை இல்லையேப்பா. இப்பவே பஸ் பிடிச்சா காலைல வீட்டுல இருப்பேன். பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஏதோ ஃபங்ஷன் வேற."

இதைப் பத்ரிநாத் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரமாக வண்டியில் குறையே இல்லை என்று நிரூபிக்கப் பாடுபட்டவர், நின்ற நிலையில் கட்சி மாறினார்.

"ஹாரன் கொஞ்சம் கம்மலாக் கேக்குதுப்பா."

மகன் அழுத்திப் பார்த்தான். தெருநாய்கள் குரைத்தன. "நல்லாத்தான இருக்கு."

"கிளட்ச்சு... மிதிச்சா ஒரு மாதிரி இருக்கு. பால்பாண்டி வந்து ஒரு தடவ பாத்தா நல்லதுதான்."

"விக்கலைன்னு சொல்லிட்டேன்பா."

"வைப்பரு?"

"மழையே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு சாய்பிரசாத் பையை எடுக்க உள்ளே போனான்.

மாட்டுத்தாவணிக்கு அவரே கொண்டுபோய் விட்டார். பக்கத்து இருக்கையில் மகன். கல்லூரி வாசலைத் தாண்டும்போது மழைக்காலச் சிவப்பைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தார். மகன் செல்போனில் யாரிடமோ பஸ்ஸில் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் பின்விளக்கு நன்றாகத் தெரிந்ததால், ஒருவரும் மோதாமல் ஒதுங்கிப் போனார்கள். சீட்டு இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் சாய்பிரசாத் இறங்கி, ஜன்னல் வழியாகக் குனிந்தான். "வாரேன்பா. இருட்டுல ரொம்ப ஓட்டாதீங்க. தீபாவளிக்குப் பாப்போம்."

"பொங்கலுக்குச் சாமான் வாங்கி வச்சிருந்தேன்" என்றார் பத்ரிநாத். பொங்கல் பண்டிகையைச் சொல்கிறார் என்று எண்ணி, "அதுக்கு இன்னும் நாள் இருக்கேப்பா" என்று சொல்லிவிட்டு மகன் கூட்டத்துக்குள் நடந்தான். பையும் சட்டையும் தெரிந்தன. பிறகு பை மட்டும். பிறகு எல்லாப் பைகளும் ஒன்று போலவே இருந்தன.

பத்ரிநாத்தின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. பின்னால் வந்து நின்ற டவுன்பஸ்ஸின் முன்கண்ணாடியில் இரண்டு சிவப்புகள் தெரிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிசிறில்லாத கெட்டிச் சிவப்பு. பட்டறையில் இருந்திருந்தால் உடனே கட்டி அனுப்பச் சொல்லியிருப்பார்.

டவுன்பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு எட்டிப் பார்த்தார்.

"பெருசு! கண்ணு கூசுது! பிரேக்குலருந்து கால எடுங்க!"

பத்ரிநாத் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நல்லாத் தெரியுதா?"

"தெரியாம என்ன?"

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும் தெரியுதுய்யா! எம்புட்டு நேரம்தான் இப்படி மிதிச்சுக்கிட்டு நிப்பீங்க? எடுங்க வண்டிய!"

"ரோஸா இல்லையே?"

டிரைவர் ஹாரனில் கைவைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பத்ரிநாத் இன்னும் கொஞ்ச நேரம் தலையை வெளியே நீட்டியபடி காத்திருந்தார். பிறகு காலை எடுத்தார்.